கம்பி எல்லோருக்கும் ஒன்று, களம் யாருக்கு?

அலவத்துகொடையிலிருந்து ஒரு சட்டத்தரணி

“திறமையுள்ளவன் தானாகவே மேலே வருவான். விளையாட்டு மைதானத்திலே சாதியும் இல்லை, மொழியும் இல்லை. அங்கேயும் அரசியலைக் கொண்டு வருவது எதற்கு?” இப்படிப் பேசுவது இந்நாட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. பரிசளிப்பு விழா மேடைகளில் அமைச்சர்கள் பேசுகின்றனர், அதிகாரிகள் பேசுகின்றனர், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம்மவரிற் படித்த பெரியோரும் அதனைக் கேட்டுத் தலையை ஆட்டுகின்றனர். தலையாட்டுதல் எளிது. ஒரு வாதத்தை எடுத்து, வரிக்கு வரி ஆராய்ந்து, அது நிற்குமா விழுமா என்று பார்ப்பதே கடினம். அந்தக் கடினமான வேலையை இங்கே செய்வோம்.

ஆராய்ச்சிக்கு உயரம் பாய்தல் என்னும் ஒரே போட்டியை எடுத்துக்கொள்வோம். அதனை ஏன் எடுக்க வேண்டும்? எதிர்த்தரப்பாருக்கு மிகவும் வாய்ப்பான களம் அதுவே என்பதால் எடுக்கிறோம். இரண்டு தூண்கள், ஒரு கம்பி. ஒற்றைக் காலால் எழும்பித் தாண்ட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறியவன் வெளியேற வேண்டும். மத்தியஸ்தரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. கம்பி கிடந்தால் வெற்றி, விழுந்தால் தோல்வி. திறமை தானாக மேலே வரும் என்னும் கொள்கை எங்காவது மெய்யாகுமானால் இங்கேதான் மெய்யாக வேண்டும். இங்கேயே அது பொய்த்துப் போகுமானால் வேறெங்கும் அதற்கு நிற்க இடமில்லை.

1958ஆம் ஆண்டின் சாட்சியம்

முதற் சாட்சியாக நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை அழைப்போம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகப் பாய்ந்தவர். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கப் பதக்கம் அது. ஆசிய அரங்கிலே இத்தீவின் கொடியை முதன்முதலாக உச்சிக்கு ஏற்றிய கால் ஒரு தமிழனின் கால். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்ற அப்பெரியார் 2024இல் மறைந்தார்.

டோக்கியோப் போட்டிகள் தொடங்கிய நாள் 1958 மே 24. முடிந்த நாள் யூன் 1. அந்த நாட்களில் இலங்கையில் நடந்தது என்ன? தமிழரின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. ஓடும் இரயில்களில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27இல் நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஒரு தமிழ் இளைஞன் இலங்கையின் பெயரை நெஞ்சிலே தாங்கி அந்நிய மண்ணில் ஓடி எழும்பிய அதே வாரத்தில், அவனுடைய மொழியைப் பேசிய குற்றத்துக்காக மனிதர் உயிரிழந்தனர். மைதானத்திலே அரசியலைக் கொண்டு வந்தவர் யார்? பாய்ந்தவனா, எரித்தவர்களா? விளையாட்டில் அரசியல் எதற்கு என்று கேட்போர் முதலில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லட்டும்.

இன்னும் ஒன்று. அதே 1958இல் நமது மலைநாட்டுத் தோட்டமொன்றில், லயக் காம்பிராவில் பிறந்த ஓர் இளைஞன் எதிர்வீரசிங்கம் தாண்டிய அதே உயரத்தைத் தாண்டக்கூடியவனாக இருந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவன் குடும்பத்தை நாடற்றதாக்கியிருந்தது. நாடில்லாதவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவனுக்கு டோக்கியோ இல்லை. கம்பியைத் தாண்டும் வலிமை அவன் காலிலே இருந்தாலும், சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தாண்டும் வலிமை எந்தக் காலுக்கு உண்டு? நாடற்றோரில் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. இடையிலே கழிந்தவை 55 ஆண்டுகள். ஒருவன் உயரம் பாயும் பருவம் எத்தனை ஆண்டுகள்? பத்து, மிஞ்சினாற் பதினைந்து. எத்தனை தலைமுறைகளின் பருவம் அந்தப் பக்கத்துக்குள்ளே புதைந்தது என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணற்குழியும் மெத்தையும்

அது பழைய கதை, இன்று எல்லோரும் பிரசைகள், இனிமேலாவது திறமை தானாக வருமல்லவா என்பர். இரண்டாவது சான்றைப் பார்ப்போம்.

எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலத்திலே உலகமெங்கும் வீரர்கள் கம்பியைப் பக்கவாட்டிலோ முகங்குப்புறவோ உருண்டு தாண்டினர். மணற்குழியில் காலூன்றி விழுந்தனர். ஆகவே ஒரு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தின் மணற்குழியும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மணற்குழியும் ஏறத்தாழ ஒன்றே. ஏழைப் பிள்ளையும் செல்வப் பிள்ளையும் ஒரே முறையைப் பயிலக்கூடிய காலம் அது.

1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே டிக் பொஸ்பரி என்னும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் முதுகைக் கம்பிக்குக் காட்டி, தலையை முன்னே விட்டுத் தாண்டி, 2.24 மீற்றரிலே தங்கம் வென்றார். வளைந்து ஓடிவந்து முதுகுப்புறமாகப் பாயும் இம்முறையில், உடல் வில்லாக வளைவதால் உடலின் எடை நடுவம் கம்பிக்குக் கீழே செல்லவும் உடல் மேலே செல்லவும் கூடும். சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் அம்முறைக்கு மாறிவிட்டது. இன்று 2.45 மீற்றராக நிற்கும் உலக சாதனையை கியூபாவின் சோட்டோமயோர் 1993இல் நிறுவியதும் அம்முறையிலேதான்.

ஆனால் முதுகாலும் கழுத்தாலும் விழுபவனுக்கு மணற்குழி உதவாது, கழுத்து முறியும். அவனுக்கு உயர்ந்த பஞ்சுமெத்தை வேண்டும். அந்த மெத்தை வந்த நாளிலிருந்து உயரம் பாய்தல் ஏழையின் விளையாட்டாக இருக்கவில்லை. இரண்டு மூங்கிலையும் ஒரு கயிற்றையும் கட்டிப் பாய்ந்து பழகிய சிறுவனை இன்று கொண்டுபோய்ப் போட்டியில் நிறுத்தினால், மெத்தையிற் பழகியவன் முதுகை வளைத்துத் தாண்டும்போது இவன் காலை விரித்துத் தாண்ட வேண்டியவனாகிறான். இரண்டு பேர் முன்னாலும் கம்பி ஒன்றே. ஆனால் ஒருவன் கற்ற வித்தையை மற்றவன் கற்கவே முடியவில்லை. இங்கே தோற்றது திறமையா, மெத்தையா?

அஸ்கிரியவும் அப்பாலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியிலே அக்குறணையைத் தாண்டினால் வருவது நமது அலவத்துகொட. இருபுறமும் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளையும் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே சரிவுகள், சரிவுகளிலே தேயிலை. இதே வீதியிற் பஸ் ஏறிக் கண்டி நகரத்துக்குப் போனால் அஸ்கிரிய மைதானத்தைக் காணலாம். திரித்துவக் கல்லூரிக்காக நூறாண்டுகளுக்கு முன்னரே குன்றின் சரிவை வெட்டிச் சமப்படுத்தி அமைத்த மைதானம் அது. பிற்காலத்தில் சர்வதேச டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்களே அங்கு நடந்தன. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைற் அந்தக் கல்லூரியின் மாணவர். அக்கல்லூரியையோ அதன் பிள்ளைகளையோ நாம் குறை கூறவில்லை. அவர்கள் பெற்றது எல்லோரும் பெறவேண்டியது. நாம் கூறுவது இதுதான்: மண்வெட்டியும் கூடையுமே இருந்த காலத்தில் ஒரு கல்லூரிக்காகக் குன்றைச் சமமாக்க முடிந்ததென்றால், மண்வாரி இயந்திரங்கள் மலிந்த இக்காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஒரு துண்டுச் சமநிலத்தை ஆக்க முடியாது என்று சொல்வதற்குப் பொருள் என்ன? முடியாது என்பதன் பொருள் மனமில்லை என்பதே.

மலையிலே தேயிலைக்குச் சரிவு வெட்டத் தெரிந்தது. துரையின் பங்களாவுக்கு முன்னாற் புல்வெளி விரிக்கத் தெரிந்தது. சில தோட்டங்களிலே துரைமார் ரென்னிஸ் ஆடுவதற்கும் நிலம் சமமாக்கத் தெரிந்தது. கொழுந்து பறிப்பவளின் பிள்ளை ஓடிப் பழகுவதற்கு மாத்திரம் நிலம் சாய்ந்துபோயிற்றா?

இங்கே தொழில்முறையில் நான் கண்ட ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத் தொழிலாளி தம் மகளின் சான்றிதழுடன் என்னிடம் வந்தார். வலய மட்டப் போட்டியிலே உயரம் பாய்தலில் அப்பிள்ளை முதலிடம் பெற்றிருந்தாள். மாகாணப் போட்டிக்குப் போகவேண்டிய திகதியும் இடமும் அறிவித்த கடிதம் சிங்களத்தில் மாத்திரம் வந்திருந்தது. பாடசாலையில் அதனை வாசித்து விளங்கிக் கொண்டவர் ஒருவருமில்லை. கடிதம் அலுமாரியிலே கிடந்தது. போட்டி முடிந்த பின்னரே செய்தி தெரிந்தது. “ஐயா, இதுக்கு ஒரு வழக்குப் போடேலாதா?” என்று கேட்டார். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அரசியலமைப்புக்கான பதின்மூன்றாவது திருத்தம் 1987இலேயே தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள்ளே கொழும்பில் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். அவர் என்னிடம் வந்தபோது அந்த ஒரு மாதம் கடந்து இரண்டு மாதமாகியிருந்தது. உரிமை ஏட்டிலே இருந்தது. வழியும் ஏட்டிலே இருந்தது. பிள்ளையின் பருவமோ போய்விட்டது.

இல்லம், கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று பாடசாலை விளையாட்டின் ஏணிக்கு ஐந்து படிகள். ஒவ்வொரு படியிலும் பஸ் கட்டணம் ஒன்று, சப்பாத்து ஒன்று, ஒரு நாட் சம்பளத்தை இழந்து கூடச் செல்லும் தாயோ தந்தையோ ஒருவர். இவற்றையெல்லாம் கடந்து தேசிய மட்டத்தை எட்டினால்தான், கல்விக்கு அப்பாற்பட்ட துறைகளிற் சிறந்தோருக்கெனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்துள்ள விசேட அனுமதி ஏற்பாடு அப்பிள்ளைக்குப் பயன்படும். மாவட்டக் கோட்டாவையும் பாருங்கள். நுவரெலியாவும் பதுளையும் வசதி குறைந்த மாவட்டங்களெனக் கணிக்கப்படுகின்றன. கண்டி அவ்வாறு கணிக்கப்படவில்லை. ஆகவே கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெருங் கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகிறது. பரீட்சையிலும் மெத்தை ஒருபுறம், மணற்குழி மறுபுறம்.

பல்கலைக்கழக அரங்கு

உலகத்திலே மாணவர் விளையாட்டு எவ்வளவு உயர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம் 1949இல் அமைந்தது. அதன் முதலாவது உலக மாணவர் விளையாட்டு விழா 1959இல் இத்தாலியின் துரின் நகரிலே நடந்தது. அது பொழுதுபோக்கு விழாவன்று. 1961இல் சோபியாவில் நடந்த விழாவிலே சோவியத் மாணவர் வலேரி புரூமெல் 2.25 மீற்றர் பாய்ந்து உலக சாதனையே படைத்தார். 1979இல் மெக்சிக்கோ நகர விழாவில் இத்தாலியின் மென்னெயா 200 மீற்றரை 19.72 விநாடியில் ஓடி நிறுவிய உலக சாதனை 1996 வரை நின்றது. 2019இல் நேப்பிள்ஸ் விழாவிலே ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் டூட்டி சந்த் 100 மீற்றரில் தங்கம் வென்றாள். நெசவாளியின் மகளுக்கு உலக அரங்கின் வாசல் திறந்தது எதனால்? அவளுடைய காலின் வேகத்தால் மாத்திரமன்று. அவளைத் தன் மாணவியாக ஏற்றுக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் பின்னால் நின்றதால்.

அந்த விழாவிலே 25 வயதைக் கடந்தவர் பங்குபற்ற முடியாது. இப்பொழுது நமது நாட்டின் நடப்பை அதனருகே வைத்துப் பாருங்கள். உயர்தரப் பரீட்சை எழுதும்போது பிள்ளைக்கு வயது ஏறத்தாழ 19. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருந்து பல்கலைக்கழகத்திற் கால் வைக்கும்போது 21 ஆகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையே 2023 சனவரியிலேதான் தொடங்கியது. வேறு நாட்டு மாணவன் 18 வயதிலே பல்கலைக்கழகப் பயிற்றுநரின் கீழ்ப் பழகத் தொடங்குகிறான். நம் பிள்ளை அந்த மூன்று ஆண்டுகளை வீட்டுத் திண்ணையிலே தபாற்காரனை எதிர்பார்த்துக் கழிக்கிறது. தசைநார் வளரும் பருவம் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்குமா? நாற்று மேடையிலே நாற்று முற்றிப்போன பின் நட்டால் கதிர் எப்படி வருமென்பதை உழவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இதன் பயன் யாது? எதிர்வீரசிங்கம் தமது உச்சத்தை எட்டியது அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்து. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் என்ன மாறியது? 2021இல் இலங்கையர் ஒருவர் முதன்முதலாக 2.30 மீற்றர் உயரத்தைத் தாண்டினார். அவர் நமது சிங்களச் சகோதரர் உஷான் திவங்க. அவர் அப்பொழுது பயின்றதும் பழகியதும் எங்கே? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகமொன்றில். ஆகவே இது தமிழனின் குறை மாத்திரமன்று. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வித்துவான்களை ஆக்கின. வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் ஆக்கின. உயரம் பாய்பவனை ஆக்கும் வேலையைக் கடலுக்கு அப்பால் உள்ளவரிடம் விட்டுவிட்டன. சிங்களப் பிள்ளைக்கே அமெரிக்கா போகவேண்டியிருக்கிறதென்றால், கண்டி நகரத்துக்குப் போகவே பஸ் காசில்லாத தோட்டப் பிள்ளைக்கு வழி எங்கே?

டில்லியில் நடந்த வழக்கு

திறமையை வளர்த்துக்கொண்டாலும் தெரிவாளர் கையிலே அகப்பட்டுத் தவித்த கதையும் உண்டு. டில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்து இளைஞர் தேஜஸ்வின் சங்கர். அமெரிக்காவிலே கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக மாணவராக இருந்து 2018இல் 2.29 மீற்றர் பாய்ந்து இந்தியச் சாதனையை நிறுவியவர். 2022 யூன் மாதத்திலே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இறுதிப் போட்டியில் 2.27 மீற்றர் பாய்ந்து வென்றார். பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டிக்கு இந்திய மெய்வல்லுநர் சம்மேளனம் விதித்த தகுதி உயரமும் அதுவே. ஆயினும் அணியில் அவர் பெயர் இல்லை. காரணம்? அதே நாட்களிற் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டிக்கு அவர் வரவில்லையாம். ஒரே நாளில் ஒருவன் இரண்டு கண்டங்களிலே பாய முடியுமா? விதித்த உயரத்தைத் தாண்டியவனை, விதித்த ஊரிலே தாண்டவில்லை என்று விலக்கினர்.

தேஜஸ்வின் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். நீதிமன்றம் தலையிட்ட பின்னரே சம்மேளனம் அவரை ஏற்றுக்கொண்டது. கடைசி நேரத்திலே பேர்மிங்காமுக்குச் சென்ற அவர் 2022 ஓகஸ்ட் 3இல் 2.22 மீற்றர் பாய்ந்து வெண்கலப் பதக்கம் வென்றார். பொதுநலவாயப் போட்டிகளிலே உயரம் பாய்தலில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அது. நீதிமன்ற வாசலுக்குப் போகத் தெரியாத, போக வசதியில்லாத ஒருவனாக அவர் இருந்திருந்தால், அந்தப் பதக்கம் இல்லை. இல்லாமற் போனதை ஒருவரும் அறிந்திருக்கவும் மாட்டார்.

அதிகாரிகளின் அசட்டைக்கு இன்னுமொரு சான்று 2025 யூலையிலே ஜெர்மனியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் வெளிப்பட்டது. இந்தியாவின் கலப்புப் பூப்பந்து அணிக்கென 12 மாணவர் சென்றனர். அதிகாரிகள் பெயர்களை முறையாகப் பதிவு செய்யாததால் 6 பேருக்கே ஆட அனுமதி கிடைத்தது. அணி வெண்கலம் வென்றது. மற்ற ஆறு பிள்ளைகளும் பந்தைத் தொடாமலே பார்வையாளராய் நின்றனர். மாணவன் எழுதிய பரீட்சையிற் பிழையிருந்தால் அவன் தோற்கிறான். அதிகாரி எழுதிய பட்டியலிற் பிழையிருந்தாலும் மாணவனே தோற்கிறான்!

இலங்கையிலே நிலைமை இதனினும் கடினமானது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணிகளுக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டுமென விதித்தது. அதாவது, கம்பியைத் தாண்டிய பின்னரும் அமைச்சரின் மேசையைத் தாண்டவேண்டும் என்ற நிலை அரை நூற்றாண்டாக இருந்து வந்தது. அரசியல் தலையீட்டின் பயனை நாடு 2023இலே கண்ணாற் கண்டது. சனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை இடைநிறுத்தியது. மேடையில் ஏறி “விளையாட்டில் அரசியல் வேண்டாம்” என்று நமக்கு உபதேசித்தவர்களின் கூட்டத்தைப் பார்த்து உலகமே அதனைத் திருப்பிச் சொல்லிற்று.

நம் வீட்டுக் கணக்கு

ஆட்சியாளரைச் சாடிவிட்டு நம்மைத் தப்பவிடுவது நேர்மையன்று. எதிர்வீரசிங்கத்தின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் தமிழ் வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் தம் பிள்ளை மாலையில் மைதானத்துக்குப் போக விடுவரா? பத்தாம் வகுப்பிலே காலுறையைக் கழற்றி வைத்துவிட்டு ரியூசனுக்குப் போ என்பதல்லவா நம் வீட்டுச் சட்டம்? எதிர்வீரசிங்கம் உயரமும் பாய்ந்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்தவன் படிக்கமாட்டான் என்ற மூடநம்பிக்கையை அவர் வாழ்வே உடைத்தெறிந்த பின்னரும் நாம் அதனை ஏன் கட்டிக்காக்கிறோம்?

கோயிலுக்குக் கோபுரம் எழுப்ப வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. வரட்டும். ஒரு கோபுரத்துக்குச் செலவாகும் பணத்தில் எத்தனை வலயங்களுக்குப் பஞ்சுமெத்தை வாங்கலாம் என்பதை ஒரு நாளாவது அறங்காவலர் கூடி எண்ணிப் பார்த்ததுண்டா? தொழிற்சங்கத் தலைவர்கள் தேர்தல் நெருங்கினால் தோட்டத்து இளைஞருக்கு மட்டையும் பந்தும் தலைவர் படம் பொறித்த சட்டையும் வழங்குகின்றனர். தேர்தல் முடிந்தால் பந்து கிழிகிறது, சட்டை வெளுக்கிறது, மைதானம் வரவே இல்லை. கம்பனிகளோடு சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கங்கள், விளையாடும் நிலத்தைப் பற்றி ஒரு வரியாவது அந்த மேசையிலே வைத்ததுண்டா?

தமிழ்நாட்டிலே சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரைப் பாருங்கள். ஐந்து வயதிலே பஸ் ஏறி ஒரு கால் நசுங்கிய சிறுவன் மாரியப்பன் தங்கவேலு. தாய் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்த பிள்ளை. 2016இல் ரியோ பராலிம்பிக்கிலே 1.89 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றான். டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் சேர்த்தான். அவனை உயரம் பாய்தலின் பக்கம் திருப்பியது யார்? அவன் படித்த பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். இதனைக் காட்டி, “பார்த்தீர்களா, திறமை தானாக வந்தது!” என்பர் எதிர்த்தரப்பார். தானாக வரவில்லை, ஓர் ஆசிரியர் கண்டதால் வந்தது. நமது தோட்டப் பாடசாலைகளிலே அப்படிப் பார்ப்பதற்கு ஓர் ஆசிரியரை வையுங்கள். பின்னர் திறமையைப் பற்றிப் பேசுவோம். மிளகுக் கொடி எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும் ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும் என்பது அலவத்துகொடையிலே சிறு குழந்தைக்கும் தெரியும். தரையிலே படர்ந்த கொடியைப் பார்த்து, “உனக்கு ஏறத் திறமையில்லை” என்று எந்த உழவனாவது ஏசுவானா?

செய்யவேண்டியவை

பேசிக் கலைவது நம் பழக்கம். இம்முறை அது வேண்டாம். ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: ஒவ்வொரு கல்வி வலயத்துக்கும் பொதுவாக ஒரு பஞ்சுமெத்தையும் தூண்களும் வழங்கப்பட்டு, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் அதிற் பழகுவதற்கு வாரத்தில் நாள் குறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் கேட்கவில்லை. வலயத்துக்கு ஒன்று கேட்கிறோம்.

இரண்டாவது: பெருந்தோட்டக் காணியின் உடைமை இன்றும் அரசைச் சார்ந்ததே, கம்பனிகள் 1992 முதல் குத்தகையாளரே. ஆகவே பாடசாலையை அடுத்த நிலத்தில் ஒரு பகுதியை மைதானத்துக்கென மீட்டுச் சமப்படுத்திக் கொடுக்க அரசுக்குத் தடையேதுமில்லை.

மூன்றாவது: பாடசாலை, பல்கலைக்கழக, தேசிய அணிகளுக்கான தெரிவு விதிகளும் திகதிகளும் போட்டிக்கு முன்னரே மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். தெரிவு மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்திலே கொடுக்கப்பட வேண்டும். மேன்முறையீட்டைக் கேட்க மாகாணம் தோறும் ஒரு சுயாதீனக் குழு இருக்க வேண்டும். கொழும்புக்கு வந்து வழக்காடு என்பது ஏழைக்கு நீதியன்று.

நான்காவது: தேசிய மட்டத்திலே தகுதி பெற்ற மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதி தாமதமாகும் காலத்திலேயே பல்கலைக்கழக மைதானங்களிற் பயிலும் உரிமை வழங்கப்பட வேண்டும். பேராதனை மைதானத்திலே காலையிற் சில பிள்ளைகள் ஓடுவதால் பல்கலைக்கழகத்தின் புகழ் குறைந்துவிடாது.

ஐந்தாவது நம் கடமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் கேள்வி கேட்கும் உரிமை தந்திருக்கிறது. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். உங்கள் வலயத்திலே எத்தனை பாடசாலைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் உண்டு, எத்தனைக்கு மைதானம் உண்டு, சென்ற ஆண்டு விளையாட்டுக்கென வந்த நிதி எந்தப் பாடசாலைகளுக்குப் போயிற்று என்று ஒரு தாளிலே எழுதி வலயக் கல்வி அலுவலகத்திற் கொடுங்கள். தமிழிலே எழுதுங்கள், தமிழிலே விடை தருவது அவர்கள் கடமை. எழுதத் தெரியாதவருக்கு ஊரிலுள்ள ஆசிரியரும் சட்டத்தரணிகளும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூலி கேட்பவர் இந்த இயக்கத்துக்கு வேண்டாம்.

தமிழ்ப் பெருமக்களே! நாம் கேட்பது கம்பியை நமக்காகத் தாழ்த்தும்படி அன்று. தாழ்த்திய கம்பியைத் தாண்டிப் பதக்கம் வாங்குவது நமக்கு வேண்டாம். மற்றவர் தாண்டும் அதே உயரத்தை நம் பிள்ளையும் தாண்டட்டும். தாண்ட முடியாவிட்டால் தோற்கட்டும். ஆனால் ஓடிவருவதற்குச் சமநிலமும், விழுவதற்கு மெத்தையும், போட்டி நாளைச் சொல்லும் கடிதம் தாய்மொழியிலும் அதற்கு முன்னர் கிடைக்கட்டும். இவை மூன்றும் கிடைத்த பின்னர் திறமையைப் பற்றி எந்த அமைச்சர் எந்த மேடையிற் பேசினாலும் நாமும் முன்வரிசையில் அமர்ந்து கேட்கத் தயார். அதுவரை அவ்வாதம் வழக்கிலே தோற்ற வாதம். தோற்ற வாதத்துக்குத் தலையாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.